பெல்ட் இல்லாத பதினோரு நிமிடம்

அந்தப் பட்டியலின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரே தாள், பதினாறு வரிகள், ஆங்கிலத்தில் டைப் அடித்தது. கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், டைப்பிஸ்ட் அக்காவின் மிஷினில் உட்கார்ந்து இரண்டு விரல்களால் நானே அடித்தது. அசல் தாள் கிரீஸ் கறையோடு எங்கோ போய்விட்டது. நகலில் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று வரிகளும் மற்றவற்றைப் போலவே தெளிவாக இருக்கின்றன. அவற்றில் தவறு எதுவும் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் அவற்றைக் காட்டி என்னை நானே தப்பிக்க வைத்துக்கொள்ள முடிந்தது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பட்டறையில் கிணற்று பம்புசெட்டுகளுக்கான புல்லிகள் செய்தார்கள். லேத்திலிருந்து இறங்கும் ஒவ்வொன்றையும் வெர்னியரால் அளந்து, சரி அல்லது தவறு என்று நோட்டில் எழுதுவது என் வேலை. எழுதிவைக்கும் பழக்கம் அதற்கு முன்பே உண்டு. வீட்டில் தீபாவளிப் பலகாரம் சுடுவதென்றாலும் நான் முதலில் பென்சிலைத்தான் எடுப்பேன். "இவ கல்யாணத்துக்கு மாப்பிள்ளையையும் அளந்து பாத்துத்தான் டிக் போடுவா" என்பாள் அம்மா.

அண்ணன் மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருக்கோடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் தன் பழைய ஹெரால்டு காரை விற்றபோது அவன் வாங்கினான். இரண்டு கதவு வண்டி. பானட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாகச் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். திறந்துவிட்டால் எஞ்சின் மேஜைமேல் வைத்ததுபோல மூன்று பக்கமும் வெட்டவெளியாக நிற்கும். எனக்கு அந்தக் காரில் பிடித்தது அதுதான். அண்ணனுக்குப் பிடித்தது வேகம். மருந்துப் பெட்டியைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு உசிலம்பட்டி ரோட்டில் பஸ்ஸை முந்தினான் என்று வாரத்துக்கு ஒரு முறையாவது அப்பாவுக்குத் தகவல் வரும்.

வண்டியைப் பார்த்துக்கொண்டவர் காளவாசலில் ஒரு ஷெட்டில் வேலை செய்த மெக்கானிக். அண்ணனைவிட நாலைந்து வயது மூத்தவர்; இருந்தும் இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு அவர் மெக்கானிக்கண்ணன். வாரம் முழுவதும் டாக்ஸிகளுக்கு பிரேக் லைனிங் மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வண்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவார். வால்வுகளை அவர் தேய்த்து உட்கார்த்திய பிறகு அந்த எஞ்சின் ஓடிய ஓட்டத்தை, அளக்கத் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், புது வண்டியில்கூட நான் பார்த்ததில்லை.

அவரைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஷெட்டில் சாயங்காலத் தமிழ்ப் பேப்பர் வந்தால் அவர்தான் எல்லாருக்கும் உரக்கப் படிப்பார். கோர்ட் செய்தி என்றால் வக்கீலுக்கு ஒரு குரல், சாட்சிக்கு ஒரு குரல். ஆனால் ஸ்பார்க் பிளக்கை அட்டைப்பெட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் எடுப்பார். ஒரு நாள் புதிய கேஸ்கட் ஒன்றின் உறையை என்னிடம் நீட்டி, "இதுல என்னத்தா போட்டிருக்கு? கண்ணாடி கொண்டாரல" என்றார். அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

கோவில்பட்டிக்குத் தெற்கே, யுத்தக் காலத்தில் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம் ஒன்று கருவேலங்காட்டுக்கு நடுவே கிடந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் சிலர் அங்கே ஒரு பந்தயம் வைத்தார்கள். வளைவு, திருப்பம் எதுவும் கிடையாது. இரண்டிரண்டு கார்களாகப் பக்கத்தில் நிறுத்துவார்கள். கொடி விழுந்ததும் கால் மைல் தூரம் நேராக ஓட வேண்டும். ஒவ்வொரு காருக்கும் இரண்டு ஓட்டம். அதை நடத்தியவர்களில் ஒருவர் பந்தய வண்டிகளுக்கென்றே தனியாக ஷெட் வைத்திருந்தார். அவர் ஏதோ வேலையாக மதுரைக்கு வந்தபோது அண்ணன் அவரைக் காளவாசலுக்கு அழைத்துவந்து காரைத் திறந்து காட்டினான். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். கடைசியில் மெக்கானிக்கண்ணன் பக்கம் திரும்பி, "ரெண்டு ஓட்டமும் கோளாறில்லாம ஓடி முடிச்சுதுன்னா, நீங்க நம்ம ஷெட்டுக்கே வந்துருங்க" என்றார். ஜெயிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கோளாறில்லாமல் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக்கண்ணன் வேறு ஆளாகிவிட்டார். பிரேக் லைனிங் இல்லாத ஓர் உலகம் இருக்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"எஞ்சின்ல இதுக்கு மேல நோண்டுறதுக்கு ஒண்ணுமில்ல மாப்ள," என்று ஒரு நாள் கையைத் துடைத்தார். "இருக்குறது இம்புட்டுத்தேன்."

"எஞ்சினத் தொட வேணாம்ணே," என்றேன். "அது முதுகுல மூணு பேரு ஏறி உக்காந்திருக்காங்க. அவங்கள இறக்கிவிட்டாலே போதும்."

"யாருத்தா அந்த மூணு பேரு?"

"விசிறி, தண்ணி பம்பு, டைனமோ."

"ஆரம்பிச்சுட்டாய்யா பாலிடெக்னிக்கு," என்றான் அண்ணன். ஆனால் மெக்கானிக்கண்ணன் சிரிக்கவில்லை. ஒரு டயரை உருட்டிப் போட்டு, "உக்காந்து சொல்லு" என்றார்.

எஞ்சினில் பிறக்கும் பலம் முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. அந்த வண்டியில் விசிறி, எஞ்சின் தண்டின் முன்நுனியிலிருக்கும் புல்லியிலேயே நான்கு போல்ட்டுகளில் பூட்டியிருக்கும். எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறதோ அதே வேகத்தில் காற்றை அறைந்துகொண்டிருக்கும். அதே புல்லியிலிருந்து ஒரு பெல்ட் போய்த் தண்ணீர் பம்பையும், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவையும் சுற்றும். ஊர் ஓட்டத்துக்கு இவை எல்லாம் வேண்டும். இருபது சொச்சம் நொடி ஓடப்போகும் வண்டிக்கு எதுவும் வேண்டாம். அந்த இருபது நொடிக்குள் எஞ்சின் கொதிக்கவும் கொதிக்காது, பேட்டரி தீரவும் தீராது.

அடுத்த வாரமே அளந்தோம். பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் ஸ்பிரிங் தராசு வாங்கிவந்து, டைனமோ புல்லியில் கயிற்றைச் சுற்றி, அது அசையத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். பம்புக்கும் அப்படியே. பெல்ட் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தது தெரிந்தது. ஆனால் விசிறியைத் தராசில் பிடிக்க முடியாது. வேகம் ஏற ஏறத்தான் அதன் இழுவை மடங்கு மடங்காகக் கூடும். அதற்கு ரோடு வேண்டும். ஒரு விடியற்காலை, கப்பலூரைத் தாண்டிய நேர் ரோட்டில், இரண்டு மைல்கற்களுக்கு நடுவே அண்ணன் காரை ஓட்டினான். விசிறியோடு மூன்று முறை, விசிறி இல்லாமல் மூன்று முறை. ஸ்டாப்வாட்சோடு நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். மெக்கானிக்கண்ணன் புளியமரத்தடியில் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாங்கள் திரும்பி வந்து நிற்பதற்கு முன்பே, "சொல்லாத, சொல்லாத," என்று கத்தினார். "சத்தத்துலயே தெரிஞ்சுருச்சு. நாய் சங்கிலிய அறுத்துக்கிட்டு ஓடுன மாதிரில்ல போகுது!"

பட்டறை டர்னரைக் கேட்டு டைனமோவுக்குச் சற்றுப் பெரிய புல்லி ஒன்று கடைந்து வாங்கினேன். புல்லி பெரிதானால் டைனமோ மெதுவாகச் சுற்றும், இழுவை குறையும். அதை மாட்டிப் பார்த்த அன்று மெக்கானிக்கண்ணன்தான் கேட்டார்: "ஓடுற அந்த நேரத்துக்கு மட்டும் பெல்ட்டையே கழட்டிப்புட்டா என்ன?"

கழற்றலாம். நானும் அதை யோசித்திருந்தேன். டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி உள்பக்கம் தள்ளினால் பெல்ட் தானாக நழுவி வந்துவிடும். ஒரு நிமிட வேலை. ஆனால் பெல்ட் இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாது. ஓடாத தண்ணீர், சிலிண்டர்களைச் சுற்றி நிற்கும் இடத்திலேயே கொதிக்கும். இதில் மோசமான விஷயம் ஒன்று உண்டு. சூட்டைக் காட்டும் முள்ளுக்கான உணர்வி, தண்ணீர் வெளியே வரும் வாயில் இருக்கிறது. தண்ணீர் அசையாவிட்டால் அதற்குச் சூடு போய்ச் சேராது. உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்; முள் குளிர்ச்சியாகப் படுத்திருக்கும்.

இதையெல்லாம் நான் அன்று வாயால் சொல்லியிருக்கலாம். டயர்மேல் உட்கார்ந்திருந்தேன், அவர் எதிரே இருந்தார். "எழுதித் தர்றேண்ணே" என்றேன்.

எழுதித் தருவதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு ஓட்டுநரும் ஒரு மெக்கானிக்கும் மட்டுமே போகலாம்; மற்றவர்கள், அதிலும் பெண்கள், கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். நான் அங்கே இருக்க முடியாது. எனக்குப் பதிலாக என் தாள் இருக்கும்.

எந்த வரிசையில் எதைக் கழற்றுவது, எந்த ஸ்பேனர், திரும்பப் பூட்டும்போது பெல்ட் எவ்வளவு தொய்ய வேண்டும், எல்லாம் எழுதினேன். ஒன்பதாவது வரி: நம் எண்ணைக் கூப்பிட்ட பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பத்தாவது: பெல்ட் இல்லாமல் எஞ்சின் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது, காத்திருக்க நேர்ந்தால் அணைத்துவிட வேண்டும். பதினொன்று: பெல்ட் இல்லாதபோது சூட்டு முள்ளை நம்பக்கூடாது. இவற்றை இப்போது தமிழில் எழுத எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. அன்று ஆங்கிலத்தில் அடித்தேன். மிஷினில் தமிழ் எழுத்து இல்லை என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். கையால் எழுதியிருந்தால் அது வீட்டு மளிகைப் பட்டியல் மாதிரி இருந்திருக்கும். டைப் அடித்த தாள் கம்பெனிக் கையேட்டின் ஒரு பக்கம்போல இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் கண்ணில் அது பட்டால் யார் எழுதியது என்று கேட்பார் என்றும் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மெக்கானிக்கண்ணன் தாளை இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். பதினாறு வரிகளைப் படிக்க ஆகும் நேரம் பார்க்கவில்லை. ஒரு படத்தைப் பார்க்கும் நேரம் பார்த்தார். "ம், சரிதேன்," என்று நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நொடியில் எனக்குத் தெரியும். கேஸ்கட் உறை ஞாபகம் வந்தது. படித்துக் காட்டவா என்று கேட்டால் அண்ணன் முன்னால் அவருக்கு அவமானமாகிவிடும் என்று ஒரு மனம் சொன்னது. அது உண்மைதான். ஆனால் மறுநாள் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். பந்தயத்துக்கு இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. அண்ணனுக்கு ஒருமுறை முழுவதும் படித்துக் காட்டினேன். அவன் தலைசீவிக்கொண்டே கேட்டான். அதோடு என் மனதில் அந்த வேலைக்கு டிக் போட்டுவிட்டேன்.

பந்தயத்தன்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு மூன்று பேரும் அந்தக் காரிலேயே கிளம்பினோம். விசிறி, பெல்ட், பெரிய புல்லி எல்லாம் பூட்டித்தான் ஓட்டிப்போனோம். ஓடுதளத்தில் நிழல் என்பது ஒரு சாமியானா மட்டும். மெக்கானிக்கண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். அதன் பையில் என் தாளின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது.

விசிறியைக் கழற்றியாயிற்று. முதல் ஓட்டத்துக்கு எங்கள் எண்ணை வந்தவுடனே கூப்பிட்டுவிட்டார்கள். பெல்ட்டைக் கழற்றினார், பானட்டைச் சாத்தினார், கொடி விழுந்தது. அவ்வளவு சீக்கிரம் நடந்ததால் என் பட்டியலுக்கு வேலையே இல்லை. பக்கத்தில் ஓடிய வண்டி எங்களுடையதைவிடப் பெரிய எஞ்சின்; அதற்கு இரண்டு கார் நீளம் முன்னால் அண்ணன் கோட்டைத் தாண்டினான். திரும்பி வந்ததும் பெல்ட்டைப் பூட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு ஆற்றினார்கள். கோயம்புத்தூர்க்காரர் வந்து மெக்கானிக்கண்ணனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் அவர் ஓடிவந்து, "தங்கச்சி, ஒண்ணு முடிஞ்சிருச்சு. இன்னும் ஒண்ணேதேன்," என்று விரலைக் காட்டினார்.

இரண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கு கார்கள் நின்றன. முதல் முறை அவசரமாகிவிட்டதால் இந்த முறை முன்கூட்டியே தயாராக இருந்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அங்கேயே பானட்டைத் திறந்தார். பெல்ட்டை உருவிக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டார். அண்ணன் எஞ்சினைப் போட்டான். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

அப்போது ஓடுதளத்தில் ஒரு கார் ஆயிலைக் கொட்டிவிட்டு நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூடையில் செம்மண் கொண்டுவந்து ஆயில்மேல் தூவினார்கள். வரிசை நகரவில்லை. மறுபடி போட்டால் பேட்டரி இழுக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அண்ணன் எஞ்சினை அணைக்கவில்லை. சைலன்சர் முனை நடுங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் ஆனது. நான்கு ஆனது. பத்தாவது வரியில் இருக்கிறது, பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஆறு ஆனது. மெக்கானிக்கண்ணன் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் கையில் கடிகாரத்தோடு அப்படியே நின்றேன். இடுப்பளவு உயரத்தில் ஒரு சணல் கயிறு. காவலுக்கு நின்றவர் அடுத்த கோடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். கத்தியிருக்கலாம். குனிந்து உள்ளே போய் ஓடியிருக்கலாம். இருநூறு அடிகூட இருக்காது. போனால், என் தாள் போதவில்லை என்று நானே எல்லார் முன்னாலும் சொன்னதாகிவிடும். அப்படித்தான் அன்று எனக்குப் பட்டது. வீட்டிலும் பட்டறையிலும் பதறாதவள் என்று எனக்கொரு பெயர் இருந்தது. பதறாமல் பதினோரு நிமிடத்தை அளந்தேன்.

கொடி விழுந்தது. முக்கால் தூரம் வரை வண்டி நன்றாகத்தான் போனது. பிறகு அதன் அடியிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது, பின்னால் புகையும் வெள்ளையாக மாறியது, சத்தம் செத்தது. கோட்டுக்கு முன்னால் கார் தானாக உருண்டு நின்றது.

காரைத் தள்ளிக்கொண்டுவந்து கயிற்றுக்கருகே நிறுத்தினார்கள். பானட்டைத் திறந்தால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. எஞ்சின் மேல்மூடிக்கு அடியிலிருக்கும் ஹெட் கேஸ்கட் எரிந்து, அந்த மூடியும் வளைந்திருந்தது பிறகு தெரிந்தது. கோயம்புத்தூர்க்காரர் வந்து பார்த்தார்.

"பெல்ட்டக் கழட்டி எத்தன நேரமுங்க ஓட விட்டீங்க?"

"கொஞ்ச நேரந்தேன் சார்," என்றார் மெக்கானிக்கண்ணன்.

"முள்ளு ஏறவே இல்ல சார். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றான் அண்ணன்.

"பம்பு சுத்தலைன்னா முள்ளு எப்படிங்க ஏறும்? இதுகூடத் தெரியாமயா இந்த வேலைக்கு வந்தீங்க?" அவர் குரல் உயரவில்லை. மெக்கானிக்கண்ணனின் கழுத்தில் தொங்கிய பெல்ட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார்.

அண்ணன் திரும்பினான். "அவ அந்தப் பேப்பர்ல எல்லாத்தையும் எழுதியிருந்தாளேடா! படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் மாப்ள," என்றார். "மறந்துட்டேன்."

நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். என் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. லாரியில் கட்டி இழுத்து வண்டியைக் கொண்டுவந்தோம். காளவாசலில் இறங்கும்போது மெக்கானிக்கண்ணன் பையிலிருந்து தாளை எடுத்து, "இந்தாத்தா, உன் பேப்பரு," என்று கொடுத்தார். நான்காக மடித்த மடிப்பு அன்று கொடுத்தபடியே இருந்தது.

ஷெட்டில் அவரைச் சும்மா விடவில்லை. "என்ன மாப்ள, கோயம்புத்தூருக்கு எப்ப பஸ்ஸு?" என்று டாக்ஸிக்காரர்கள் கேட்பார்களாம். "பெல்ட்டக் கழுத்துல போட்டுக்கிட்டா கல்யாணந்தேன் நடக்கும், பந்தயம் எப்படி நடக்கும்?" என்றும் சொல்வார்களாம். அண்ணன் இதைச் சாப்பிட உட்காரும்போது சிரித்துக்கொண்டே சொல்வான். பிறகு அவன் அந்த ஷெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். அடுத்த வருடம் காரை விற்றான். அவர் ஷெட்டை விட்டுவிட்டுத் திருமங்கலத்துப் பக்கம் பம்புசெட்டு ரிப்பேருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் புது டைரியின் முதல் பக்கத்தில் அந்த வருடம் செய்ய வேண்டியவற்றை எழுதுவேன். 'மெக்கானிக்கண்ணனிடம் சொல்ல வேண்டும்' என்ற வரி நான்கு டைரிகளில் இருக்கிறது. மற்ற வரிகள் அடிக்கப்பட்டிருக்கும். அது அப்படியே அடுத்த டைரிக்குப் போகும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். விசாரித்து விசாரித்து, ஒரு கரும்புத் தோட்டத்துக் கிணற்றடியில் அவரைக் கண்டுபிடித்தேன். மோட்டாரைக் கழற்றிச் சாக்கின்மேல் வைத்திருந்தார். நெற்றிக்கு மேலே முடி குறைந்திருந்தது.

"அடடே, பாலிடெக்னிக்கா! வாத்தா, வா. மாப்ள எப்படி இருக்கான்? இன்னும் பஸ்ஸ முந்துறானா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்ததால் தடுமாறவில்லை. அவருக்கு ஆங்கிலம் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஆங்கிலத்தில் கொடுத்தேன். அன்று எல்லார் முன்னாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் மோட்டாரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இங்கிலீசு படிக்கத் தெரியாதுன்னு நாந்தேன் சொல்லியிருக்கணும்," என்றார். "வெக்கமா இருந்துச்சு. பொம்பளப் புள்ள எழுதுனத வாசிக்கத் தெரியலன்னு மாப்ள முன்னாடி எப்படிச் சொல்றது? அத விடு." துணியைக் கீழே வைத்தார். "பேப்பரு கெடக்கட்டும் தங்கச்சி. வண்டி நிக்க நிக்க எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அணைக்கச் சொல்லலாமா வேணாமான்னு உன்னத்தேன் திரும்பிப் பாத்தேன். கடியாரத்தப் புடிச்சுக்கிட்டு அசையாம நின்ன. விவரம் தெரிஞ்ச புள்ள, தப்பா இருந்தா வந்துருக்கும்ல, எல்லாம் சரியாத்தேன் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தவற்றில் இது இல்லை. கிணற்றுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் புல்லியைக் கையில் எடுத்து, "இது உங்க பட்டறைச் சரக்குத்தேன். ஆடாம நிக்கும்," என்றார், எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

கோயம்புத்தூர்க்காரருக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். நடந்தது உங்கள் தவறில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

"எழுது, எழுது. இங்கிலீசுலயா?" என்று கேட்டு அவரே சத்தமாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவரு இந்நேரம் வேற ஆளு வச்சிருப்பாருத்தா," என்றார். "நாலஞ்சு வருசமாச்சுல்ல."

பையிலிருந்து நோட்டை எடுத்துக் கிணற்றடியிலேயே உட்கார்ந்து தமிழில் எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். பந்தய விதி, கயிறு, பதினோரு நிமிடம், சூட்டு முள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். 'அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று அறிந்தும்' என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"அத மட்டும் மாத்திரு."

"என்னன்னு மாத்தட்டும்?"

"அன்னிக்கு அவரு கண்ணாடி கொண்டாரலன்னு எழுது."

அவரைப் பார்த்தேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன். திங்கட்கிழமை தபாலில் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து பதில் எதுவும் வரவில்லை. அந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் வைத்திருக்கிறேன். அதில் அந்த ஒரு வரி மட்டும்தான் பொய்.